செவிலி அறம்



இன்று உங்கள் முன் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. தெருவில் அடிபட்டோ, கைவிடப்பட்டோ, தாயை இழந்தோ கிடக்கும் ஒரு நாயை எடுத்து வந்து, அதற்கு நிலையான வீடு ஒன்று கிடைக்கும்வரை நம் இல்லத்தில் வைத்துக் காத்து, பின்னர் உரியவரிடம் ஒப்படைத்துவிடுதலே அப்பொருள். நாய் வளர்ப்பதைப் பற்றிப் பேசுவோர் பலர். நாய்க்குச் சோறிடுவது புண்ணியம் என்போரும் பலர். வளர்த்துப் பிறரிடம் கொடுத்துவிடுவதைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலர். காரணம் யாது? இதில் உழைப்பு உண்டு, உரிமை இல்லை. உரிமையில்லாத உழைப்பை உலகம் எளிதில் விரும்புவதில்லை. ஆயினும் தம்மத்தைக் கற்க விழைவோர்க்கு இதனினும் நல்ல பள்ளிக்கூடம் ஒன்று தம் வீட்டுத் திண்ணையிலேயே அமைவது அரிது என்பது என் துணிபு.

இவ்வறத்திற்கு நம் மொழியில் பழம்பெயர் ஒன்று உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். சித்தார்த்தர் பிறந்த ஏழாம் நாள் அன்னை மாயாதேவியார் மறைந்தார். அக்குழவியைத் தம் மடியில் இட்டுப் பாலூட்டி வளர்த்தவர் சிற்றன்னையாகிய மகாபிரஜாபதி கௌதமியார். பகவன் புத்தரே செவிலியின் மடியில் வளர்ந்தவர் என்பதை நாம் எத்தனை முறை நினைக்கிறோம்?

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாறு வருகிறது. சாலி என்பவள் தான் ஈன்ற குழவியை மறைவான ஒரு தோட்டத்தில் விட்டு அகன்றாள். குழவி அழுதது. அவ்வழுகுரல் கேட்டு வந்தது ஒரு பசு. நாவால் நக்கிப் பால் தந்து ஏழு நாள் அதனைக் காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் தன் மனைவியோடு அவ்வழியே வந்தான், குழவியைக் கண்டான், மகவாக ஏற்று எடுத்துச் சென்றான். பசு குழவியைத் தன்னுடையதென்று மறித்து நிற்கவில்லை. அன்று உயிர் பிழைத்த அக்குழவிதான் பின்னாளில் அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கெல்லாம் அன்னமிட்ட ஆபுத்திரன். உலகின் பசியாற்றிய கைக்கு முதல் உணவு தந்தது ஒரு விலங்கு! அந்த ஏழு நாள் இல்லையேல் ஆபுத்திரன் இல்லை. அன்பர்களே, நாம் பேச வந்தது அந்த ஏழு நாளைப் பற்றியே. அன்று விலங்கு மனிதக் குழவிக்குச் செய்ததை இன்று மனிதன் விலங்கின் குட்டிக்குச் செய்வானாகில், அது தயவு என்பதைவிடக் கடன் தீர்த்தல் என்பதே பொருந்தும்.

இனி, எந்த நாயை எடுத்து வருவது? கண்ணில் பட்ட நாயையெல்லாம் கட்டி இழுத்து வருதல் அறமாகாது. தன் தெருவில், தான் அறிந்த மனிதரிடையே, உடல்நலத்துடன் வாழும் வளர்ந்த நாய்க்கு அத்தெருவே வீடு. அதற்கு வேண்டியது கருத்தடையும் தடுப்பூசியும். 2023-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விலங்குக் கருத்தடை விதிகளும், அவ்வாறு செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறின. நாம் கைநீட்ட வேண்டியது வேறு நாய்களுக்கு. வண்டியில் அடிபட்டுக் கால் முறிந்தது, தாயை இழந்த குட்டி, வீட்டில் வளர்ந்து தெருவில் தள்ளப்பட்டுத் திகைத்து நிற்பது, இவையே நம் வாசலுக்கு உரியவை.

எடுத்ததும் முதற்கடமை உரியவரைத் தேடுதல். கழுத்துப்பட்டை உண்டா, அக்கம்பக்கத்தில் எவரேனும் தேடுகின்றனரா என்று கேட்டறிய வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றால், தோலுக்கடியில் அடையாளச் சில்லு உண்டா என்பதையும் கருவியால் பார்த்துவிடுவார். பிறர் கொடாததைக் கொள்ளாமை நம் இரண்டாம் சீலமன்றோ? இரக்கத்தின் பெயரால் பிறர் வீட்டுப் பிராணியை வைத்துக்கொள்வதும் அச்சீலத்திற்கு மாறானதே.

பகவர் அருளிய நான்கு பிரம்ம விகாரங்கள் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்பன. இந்நான்கும் ஒரு நாயின் வடிவில் நம் வீட்டுக்குள் எவ்வாறு வருகின்றன என்பதை முறையே காண்போம்.

முதலாவது மைத்திரி. புதிதாக வந்த நாய் நம் அன்பை அறியாது. அது அறிந்ததெல்லாம் கல்லும் கழியும் வண்டிச் சக்கரமுமே. ஆகலின் கட்டிலுக்கடியில் ஒளியும், உணவைத் தொடாது, அருகே சென்றால் உறுமவும் கூடும். அப்போது அதை இழுத்து அணைத்தல் மைத்திரி அன்று, நம் ஆசை. ஒரு மூலை, ஒரு கோணி, ஒரு கிண்ணம் நீர், சந்தடியற்ற அமைதி, இவைபோதும். பிள்ளைகள் சூழ்ந்து நிற்கலாகாது. தலைக்கு மேலே கை நீட்டலாகாது. அது தானாக வந்து நம் கையை முகரும்வரை காத்திருக்க வேண்டும். இப்பணியில் பழகியோர் ஒரு கணக்குச் சொல்வர்: அச்சம் தணிய மூன்று நாள், வீட்டின் வழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் இடம் என்று தேற மூன்று மாதம். நாய்க்கு நாய் இது மாறும். ஆயினும் பொறுமையின் அளவு இதுவென்று அறிய இக்கணக்கு உதவும்.

பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறைய இடுதல் தீங்கு. சிறிது சிறிதாகப் பல வேளை இட வேண்டும். குட்டிக்குப் பசும்பால் பலவேளை வயிற்றுப்போக்கைத் தரும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாம் விரும்பி உண்பதையெல்லாம் அதற்கும் ஊட்டுவது அன்பென்று எண்ணுகிறோம். அதற்கு ஆவதை அறிந்து ஊட்டுவதே அன்பு. அறிவில்லாத அன்பு பாதி வழியில் நின்றுவிடும்.

இரண்டாவது கருணை. வயிற்று நோயால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவரும் ஆனந்தரும் நீராட்டித் தூக்கிக் கிடத்தியதை விநய நூல் கூறுகிறது. தமக்குத் தொண்டு செய்ய விழைவோர் நோயாளிக்குத் தொண்டு செய்வாராக என்பதே அன்று பகவர் சங்கத்திற்கு உணர்த்தியது. அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. அதில் சோழர், பாண்டியர் நாடுகளும் குறிக்கப்பெறுகின்றன. எனவே நாயின் புண்ணைக் கழுவும் கை புதுவழக்கம் எதையும் தொடங்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழியில் நடக்கிறது.

ஆனால் கருணைக்குக் கண்ணீர் மட்டும் போதாது. குட்டிகளைக் கொல்லும் நோய்களுள் கொடியது பார்வோ வைரஸ். வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் அதன் குறிகள். கண்ட அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லாவிடில் பிழைத்தல் அரிது. அந்நுண்கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெறும் சோப்பு நீருக்கு அழியாது. வெளுப்புத்தூள் கரைசலே வேண்டும். ஆதலால் வீட்டில் வேறு நாய் இருப்பின் புதிய வரவை இரண்டு வாரம் தனியே வைத்தல் நன்று. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கும். மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் இடுவது வழக்கம். சொறிகளுள் ஒருவகை மனிதருக்கும் ஒட்டும். எனவே கை கழுவுதலும் இவ்வறத்தின் ஓர் உறுப்பே.

இங்கே ஒரு தாய் எழுந்து, "நாய்க்கு இரங்கச் சொல்கிறீர், கடிபட்ட என் பிள்ளைக்கு இரங்குவார் யார்?" என்று கேட்டால் என்ன விடை சொல்வோம்? அக்கேள்வியைப் பழிக்கலாகாது. குடிசைப் பிள்ளையே தெருவில் விளையாடுகிறது. குடிசைப் பிள்ளையே கடிபடுகிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்களாலேயே வருகின்றது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய்க்குறி தோன்றிய பின் உயிர் தப்புதல் ஏறத்தாழ இல்லை. ஆனால் கடித்தவுடன் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, காலம் தாழ்த்தாது மருத்துவமனை சென்று தடுப்பூசி முறைகளை முழுமையாக ஏற்போரைக் காக்க முடியும். மஞ்சள் பூசி மந்திரித்து வீட்டில் வைத்திருத்தல் பிள்ளையைக் கொல்வதாகும். தாயே, உம் பிள்ளைமீதுள்ள இரக்கமும் நாயின்மீதுள்ள இரக்கமும் பகையல்ல. ஊசி போடப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டு, ஒரு வீட்டுக்குள் சென்று சேர்ந்த ஒவ்வொரு நாயும் உம் பிள்ளையின் தெருவைக் காப்பதாகும்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. அதே மாதம் 22-ஆம் நாள் அதனைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்க, ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறியது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களிலுள்ள நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்குமாறு மற்றோர் ஆணை பிறந்தது. நாடெங்கும் இருதரப்பாரும் வாதிட்டனர்.

அவ்வாதத்தைக் கேட்டபோது எனக்குக் குக்குர ஜாதகம் நினைவுக்கு வந்தது. காசி மன்னனின் தேரில் இருந்த தோற்பட்டைகளை நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. மன்னன் வெகுண்டு நகரத்து நாய்களையெல்லாம் கொல்லக் கட்டளையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு அளித்தான். அக்காலத்தில் சுடுகாட்டு நாய்களுக்குத் தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் மன்னன் முன் சென்று, "குற்றம் செய்தது எது என்று அறியாமல் எல்லாவற்றையும் தண்டிப்பது நீதியா?" என்று வினவினார். அரண்மனை நாய்களுக்கு மோரில் தருப்பைப் புல்லைக் கலந்து கொடுக்கச் செய்தார். அவை தோலைக் கக்கின. உண்மை வெளிப்பட்டது. இக்கதை நாய்க்குக் குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. தோலைத் தின்றது நாய்தான். ஆராயாது இனம் முழுவதையும் தண்டிக்காதே என்றே சொல்கிறது. பிறப்பைக் கண்டு குற்றம் சுமத்தும் வழக்கத்தால் துன்புற்றோர்க்கு இக்கதையின் பொருளை நான் விரிக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது முதிதை. பிறர் நலம் கண்டு மகிழ்தல் இது. நம்மிடம் உள்ள நாய்க்கு நம்மினும் நல்ல வீடு அமையும்போது மகிழும் நெஞ்சு வேண்டும். அந்த வீட்டைத் தேடும் உழைப்பும் முதிதையில் அடங்கும். வீட்டு வாழ்வை அறியாத நாய்க்கு நாம் அதனைக் கற்பிக்கிறோம். குக்கரின் சீழ்க்கை, மிக்சியின் இரைச்சல், மாடிப்படி, வாசல் மணி ஆகியவற்றுக்கு அது அஞ்சாமை வேண்டும். மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம்வரை குட்டியின் மனம் உலகைக் கற்கும் பருவம். அப்பருவத்தில் மென்மையான கை பட்ட குட்டி பின்னாளில் மனிதருக்கு எளிதில் அஞ்சாது. அஞ்சாத நாய் கடிப்பதும் குறைவு. தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடிக் காணாமற்போகும் நாய்கள் பல. அந்நாட்களில் கதவடைத்து உள்ளே வைத்தல் நலம்.

கேட்டு வருவோரிடம் உண்மை பேச வேண்டும். பூனையைத் துரத்துமாயின் அதைச் சொல்ல வேண்டும். உணவருகே கை நீட்டினால் உறுமுமாயின் அதையும் சொல்ல வேண்டும். "எப்படியாவது ஒரு வீட்டில் தள்ளிவிட்டால் போதும்" என்று குறையை மறைத்தல் பொய். நான்காம் சீலத்துக்கு இழுக்கு. மறைத்துக் கொடுத்த நாய் ஒரு மாதத்தில் திரும்பி வரும், அல்லது மீண்டும் தெருவில் கிடக்கும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்றது. முதற்குற்றத்திற்கு அது வகுத்த அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாது. ஐம்பது ரூபாய்ச் சட்டத்தை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்க முடியுமா? ஆகவே நாமே ஆராய வேண்டும். வீட்டார் அனைவரும் ஒப்பினரா? வாடகை வீடாயின் உடையவர் இசைந்தாரா? ஊருக்குச் செல்லும்போது யார் பார்ப்பர்? கருத்தடை செய்விப்பரா? நேரில் சென்று அவ்வீட்டைக் கண்டபின்னரே கொடுக்க வேண்டும்.

நான்காவது உபேட்சை. இதுவே கடினம். மூன்று மாதம் காலடியில் உறங்கிய உயிரைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். "பிரிய வேண்டியதை ஏன் வளர்ப்பானேன்?" என்று பலர் கேட்கின்றனர். அவர்களிடம் நான் கேட்பது ஒன்று: பிரிய வேண்டாதது எது? பெற்ற மகளைப் பிரிகிறோம், நட்டாரைப் பிரிகிறோம், ஒருநாள் இவ்வுடலையும் பிரிவோம். அனைத்தும் அநித்தியம் என்று வாயால் ஓதுவோர்க்கு, அதனைக் கையால் ஓதிப் பழக இந்த நாய் வாய்த்தது.

மில்லில் நூற்புப் பகுதியில் நெடுங்காலம் நின்றவன் நான். வரிசையாகக் கதிர்கள் சுழலும். இழை அறும். அறுந்த இழையை விரல்நுனியால் ஒட்டிவிட்டு அடுத்த கதிருக்கு நகர்வதே வேலை. ஒட்டியவன் அந்நூலை நெய்வதில்லை; அத்துணியை உடுப்பதுமில்லை. "நான் ஒட்டிய இழையாயிற்றே" என்று அதனைத் தன் விரலில் சுற்றிக்கொண்டால் என்னாகும்? அவ்விழையும் பாழ், அடுத்து அறுந்து நிற்கும் இழையும் பாழ். செவிலி அறமும் அத்தகையதே. அறுந்த ஒரு வாழ்வை ஒட்டுகிறோம், நகர்கிறோம். ஒரு வீட்டில் ஒரு நாய் இரண்டு மாதம் இருந்து நல்லிடம் செல்லுமாயின் ஓராண்டில் ஆறு உயிர்கள் கரையேறும். முதலில் வந்ததைப் பிரிய மாட்டாமல் வைத்துக்கொண்டால், அந்தச் சிறு வீட்டின் கதவு பின்வரும் ஐந்துக்கும் அடைபட்டுவிடும். நம் பற்று அன்பின் ஆடை உடுத்து வந்து ஐந்து உயிர்களை வாசலில் நிறுத்துகிறது. இதனை உணர்ந்தே கொடுக்க வேண்டும். ஒருவர் உண்மையாகவே ஒரு நாயை ஆயுள் முழுதும் ஏற்க முடிவு செய்தால் அது வேறு. அப்போது அவர் செவிலி நிலையிலிருந்து தாய் நிலைக்கு மாறுகிறார். அதுவும் நன்றே. மயக்கத்தால் மாறலாகாது என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் வீதியில் இட்லி விற்றுப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. கால் முறிந்த ஒரு பெட்டை நாயை இரண்டு மாதம் வைத்திருந்து, நல்ல குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தார். அன்று மாலை அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்ட ஒருவர், "அழுகிறாயே பாட்டி, கொடுக்காமல் இருந்திருக்கலாமே" என்றார். அம்மூதாட்டி, "கண்ணீர் என்னுடையது, அழுதுகொள்கிறேன். நாய் என்னுடையதா என்ன?" என்றார். சுத்தம் படித்தவரல்லர், தியானம் பயின்றவரல்லர். உபேட்சை என்பது நெஞ்சு கல்லாதல் அன்று என்பதை நூல்களைவிடத் தெளிவாக அவர் சொல்லிவிட்டார். அழலாம், பிடித்து வைக்கலாகாது.

"மனிதனுக்கே சோறில்லாத வீட்டில் நாய்க்கு இடமேது?" என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கு விடை ஒருவர் தோளில் எல்லாவற்றையும் சுமத்தாமை. ஒருவருக்கு மூலையில் இடம் இருக்கும், பொருள் இராது. ஒருவருக்கு மருந்து வாங்கப் பொருள் இருக்கும், இடம் இராது. ஒருவருக்கு ஆட்டோ இருக்கும். மருத்துவரிடம் கொண்டு செல்வார். ஓர் இளைஞர் கைப்பேசியில் படம் எடுத்து நாலு பேருக்கு அறிவிப்பார். ஒரு பள்ளிப் பிள்ளை மாலையில் நடத்திச் செல்லும். சங்கம் என்ற சொல்லுக்குப் பொருள் கூடுதல் அன்றோ? பௌர்ணமிதோறும் கூடும் நாம், ஒரு நாயைச் சுற்றி ஐந்து குடும்பம் கூட மாட்டோமா? இயலாதவர் ஏற்றுக்கொண்டு பாதியில் கைவிடுதலைவிட, "இடம் தர இயலாது, மருந்துக்குப் பத்து ரூபாய் தருவேன்" என்று உண்மையுரைத்தல் மேலான தானம்.

ஆகவே உபாசக உபாசிகைகளே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்தில் ஒரு கோணி விரிக்கும் அளவு இடம் உண்டா என்று பாருங்கள். வீட்டாரைக் கலந்து கேளுங்கள். உண்டெனில் அந்த மூலையைக் காலியாக வையுங்கள். அது காலியாக இருப்பது குறையன்று. வரவேண்டிய ஓர் உயிருக்காகக் காத்திருக்கிறது. அந்த உயிர் வந்து, தேறி, வால் குழைத்துப் பிறர் வீட்டுக்குப் போனபின் மூலை மீண்டும் காலியாகும். கோணியை உதறி வெயிலில் உலர்த்தி மறுபடியும் விரித்து வையுங்கள்.

சாது! சாது! சாது!